சிங்கப்பூரில் கார் வாங்குவது: பத்து வருட உரிமையின் கணக்கு

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர்களுக்குக் கார் ஆசை பெரும்பாலும் குழந்தை பிறந்த பிறகு வரும், அல்லது ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கும்போது வரும். ஷோரூமுக்குப் போய் ஒரு டொயோட்டா கொரோலாவின் விலையைக் கேட்பார்கள். ஒன்றரை லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல் சொல்வார்கள். ரூபாய்க் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு கோடி. பாதிப் பேர் அந்த இடத்திலேயே ஆசையை விட்டுவிடுவார்கள். மீதிப் பேர் ‘மாதத் தவணை கட்டிவிடலாம், விற்கும்போது கொஞ்சம் காசு திரும்பி வரும்’ என்று நினைத்துக் கையெழுத்துப் போடுவார்கள். இரண்டாவது வகைக்குத்தான் சிக்கல் அதிகம். அங்கே உண்மையில் விற்கப்படுவது என்ன என்பது இருவருக்குமே தெரியாது.

அந்த விலையில் கார் என்ற பொருளுக்கான பங்கு மிகச் சிறியது. பெரும்பங்கு, அந்தக் காரைப் பத்து வருடம் சாலையில் வைத்திருக்கும் உரிமைக்குப் போகிறது. அந்த உரிமைக்கு வாகன உரிமைச் சான்றிதழ் என்று பெயர். ஊர் முழுக்க எல்லோரும் சொல்வது சிஓஇ. குத்தகை நிலத்தில் வீடு கட்டுவது மாதிரி யோசித்துக்கொள்ளுங்கள்: கட்டடம் உங்களுடையது, நிலம் குத்தகை முடிந்ததும் போய்விடும். பத்து வருடம் முடிந்தால் சிஓஇயைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் காரின் பதிவை ரத்து செய்து உடைக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டும். இன்ஜின் புத்தம் புதிதுபோல ஓடினாலும் அதே கதைதான்.

இந்த முறை 1990 மே மாதம் தொடங்கியது. காரணம் எளிது, தீவு சின்னது. நிலப்பரப்பில் சுமார் 12 விழுக்காடு ஏற்கெனவே சாலைகளுக்கே போய்விட்டது. விரும்பியவரெல்லாம் கார் வாங்கினால் நகரம் நின்றுவிடும். அதனால் எத்தனை கார்கள் என்பதை அரசு முடிவு செய்கிறது, அவற்றை யார் வைத்திருப்பது என்பதை ஏலம் முடிவு செய்கிறது. 2018 பிப்ரவரி முதல் கார்களின் எண்ணிக்கை வளர்ச்சி பூஜ்யம் என்று வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் புதிதாக ஒரு கார் வர வேண்டுமானால் பெரும்பாலும் பழைய கார் ஒன்று போக வேண்டும். இடையில் அரசே கூடுதலாகச் சில ஆயிரம் சான்றிதழ்களை விடுவதும் உண்டு. 2025 பிப்ரவரி முதல் சில ஆண்டுகளில் 20,000 வரை விடப்போவதாக அறிவித்தார்கள்.

சரி, ஏலம் எப்படி நடக்கிறது? மாதம் இருமுறை, திங்கள் மதியம் தொடங்கி புதன் மாலை 4 மணிக்கு முடியும். ஏ பிரிவு சின்னக் கார்களுக்கு: 1,600 சிசிக்கு மேல் போகக் கூடாது, இன்ஜின் சக்தி 97 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. மின்சாரக் கார் என்றால் 110 கிலோவாட் வரை. அதற்கு மேற்பட்டவை எல்லாம் பி பிரிவு. சக்தி வரம்பு 2014இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் சிசியை மட்டும் பார்த்ததால் சின்ன இன்ஜின் போட்ட சொகுசுக் கார்கள் ஏ பிரிவுக்குள் நுழைந்து சாதாரணக் குடும்பங்களோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தன. லாரி, பேருந்துகளுக்கு சி, மோட்டார் சைக்கிளுக்கு டி, மோட்டார் சைக்கிள் தவிர எதற்கும் பயன்படும் பொதுப் பிரிவு ஈ. ஈ என்பது நடைமுறையில் பெரிய கார்களுக்கே போய்ச் சேருகிறது.

ஏலத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஜெயித்தவர்கள் தாங்கள் கேட்ட தொகையைக் கட்டுவதில்லை. ஐந்து சான்றிதழ்கள் இருக்கின்றன, ஆறு பேர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்ட தொகைகள் 1,10,000, 1,05,000, 1,00,000, 98,000, 95,000, 94,000. தோற்றவர்களில் உயர்ந்த தொகை 94,000. அதற்கு மேலே ஒரு வெள்ளி சேர்த்து, 94,001தான் ஐந்து பேருக்கும் விலை. சிஓஇ முடிவுகளில் விநோதமான எண்கள் வருவது இதனால்தான். 2023 அக்டோபரில் பி பிரிவு 1,50,001 வெள்ளியைத் தொட்டது. இன்னொரு முனையில், 2008 நவம்பரில் ஏ பிரிவு 2 வெள்ளிக்கு முடிந்தது. ஆமாம், ஒரு காப்பிக் காசு. உலகப் பொருளாதார நெருக்கடி, கேட்க ஆள் குறைவு. அந்த வாரம் கார் வாங்கியவர்களைப் பற்றி இன்றும் பெருமூச்சோடு பேசுகிறார்கள்.

இந்த ஏலம் குடியுரிமை பார்ப்பதில்லை. சிங்கப்பூரர், நிரந்தரவாசி, வேலை அனுமதியான பாஸில் இருக்கும் வெளிநாட்டவர் எல்லோருக்கும் ஒரே வரிசை, ஒரே விலை. நீங்களே ஏலம் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. புதுக் கார் வாங்கினால் டீலரே உங்கள் பெயரில் கேட்டு எடுத்துத் தருவார். ஒப்பந்தத்தில் சிஓஇ கட்டாயம் கிடைக்கும் என்கிறாரா, இத்தனை முறை முயல்வேன் என்று மட்டும் சொல்கிறாரா, விலை ஏறினால் கூடுதல் தொகையை யார் தருவது என்ற மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இனி மொத்த விலையைப் பிரித்துப் பார்ப்போம். எண்களைச் சுலபத்துக்காக நானே வட்டமாக வைத்திருக்கிறேன். ஒரு காரின் ஓஎம்வி, அதாவது துறைமுகத்தில் வந்து இறங்கும்போது சுங்கத்துறை மதிப்பிடும் விலை, 20,000 வெள்ளி. இதன் மேல் சுங்கத் தீர்வை 20 விழுக்காடு, 4,000. இரண்டையும் கூட்டி அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி, 2,160. அப்புறம் ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணம். ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு இது 100 விழுக்காடு, ஆக இன்னொரு 20,000. பதிவுக் கட்டணம் 350. சிஓஇ ஒரு லட்சம் என்று வைத்தால் கூட்டுத்தொகை 1,46,510. டீலரின் செலவும் லாபமும் சேர்ந்து ஷோரூமில் 1,65,000 என்று சொல்வார். புகை அளவைப் பொறுத்துத் தள்ளுபடியோ அபராதக் கட்டணமோ இதில் கூடும், குறையும். ஆக, இருபதாயிரம் வெள்ளிக் காருக்கு எட்டு மடங்கு விலை. விலை உயர்ந்த காருக்கு ஏஆர்எஃப் படிப்படியாக ஏறும். 2023 பிப்ரவரி விதிப்படி ஓஎம்வியில் 80,000 வெள்ளியைத் தாண்டிய பகுதிக்கு 320 விழுக்காடு.

இந்தக் கூட்டுத்தொகையில் இரண்டு விஷயங்கள் திரும்பி வரும். முதலாவது சிஓஇ. பதிவை முன்கூட்டியே ரத்து செய்தால் பயன்படுத்தாத காலத்துக்கான பங்கைத் தருவார்கள். ஒரு லட்சத்துக்கு எடுத்து நான்கு வருடத்தில் ரத்து செய்தால் 60,000 உங்களுடையது. இரண்டாவது பார்ஃப். கட்டிய ஏஆர்எஃப்பில் ஒரு பகுதி, பத்து வருடத்துக்குள் ரத்து செய்தால் மட்டும் கிடைப்பது. கார் வயது ஏற ஏற விகிதம் இறங்கும். 2023இல் இதற்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு வந்தது. பார்ஃப் விதியில் அரசு கை வைத்துக்கொண்டே இருக்கும் என்பதால், ‘பாதி திரும்பி வரும்’ என்று நண்பர் சொன்னதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். காரின் எண்ணையும் உரிமையாளர் விவரத்தையும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் போட்டால் அந்தக் குறிப்பிட்ட காருக்கு இன்றைய தேதியில் எவ்வளவு என்று காட்டிவிடும். இந்த இரண்டின் கூட்டுத்தொகையைப் பேப்பர் மதிப்பு என்பார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஆண்டுத் தேய்மானம், சுருக்கமாக ‘டெப்ரி’

இந்த ஊரில் கார் வியாபாரம் தெரிந்தவர் யாரும் ‘கார் என்ன விலை’ என்று கேட்பதில்லை. ‘டெப்ரி எவ்வளவு’ என்றுதான் கேட்பார்கள். விற்பனை விலையிலிருந்து பத்தாவது வருடக் கடைசியில் கிடைக்கும் பார்ஃப் தொகையைக் கழித்து, சிஓஇயில் மிச்சமிருக்கும் வருடங்களால் வகுத்தால் வருவது டெப்ரி. நம் உதாரணத்தில் பார்ஃபைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வருடத்துக்கு 16,500, மாதத்துக்கு 1,375 வெள்ளி. பெட்ரோல், காப்புறுதி எதுவும் இதில் இல்லை. கார் வாசலில் சும்மா நின்றாலும் கரையும் காசு இது.

டெப்ரி தெரிந்துவிட்டால் பழைய கார்களை ஒப்பிடுவது சுலபம். ஒரு காருக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது, விலை 81,000, கடைசியில் பார்ஃப் 9,000 வரும். இன்னொன்றுக்கு மூன்று வருடம்தான், விலை 42,000, பார்ஃப் 6,000. முதலாவதில் 72,000ஐ ஆறால் வகுத்தால் 12,000. இரண்டாவதில் 36,000ஐ மூன்றால் வகுத்தால் அதே 12,000. விலையில் பாதி வித்தியாசம் இருந்தாலும் வருடச் செலவு ஒன்றுதான். ஆனால் இரண்டு வருட எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவருக்கு இவை ஒன்றல்ல. பாஸ் நீடிக்காவிட்டால் முதலாவதில் 81,000 வெள்ளியை அவசரமாக மீட்க வேண்டும், இரண்டாவதில் அதில் பாதியை. என் கருத்தைக் கேட்டால், வெளிநாட்டவர் தன் பாஸின் காலத்தை ஒட்டிய ஆயுள் மிச்சமிருக்கும் பழைய காரைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். புதுக் கார் என்பது இங்கேயே இருந்துவிடுவது என்று முடிவெடுத்தவர்களின் சமாச்சாரம்.

பத்து வருடம் கடந்த கார்களும் சந்தையில் உண்டு. முந்தைய உரிமையாளர் சிஓஇயை ஐந்து அல்லது பத்து வருடத்துக்குப் புதுப்பித்திருப்பார். கட்டிய தொகை ஏலத்தில் கேட்டது அல்ல, கடைசி மூன்று மாத ஏல விலைகளின் சராசரி, ஐந்து வருடத்துக்கு என்றால் அதில் பாதி. இவற்றை ‘சிஓஇ கார்’ என்பார்கள். பார்ஃப் போய்விட்டிருக்கும். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்ததென்றால் அதற்குப் பின் மறுபடி புதுப்பிக்கவே முடியாது. சாலை வரியும் 10 விழுக்காட்டில் தொடங்கி வருடாவருடம் ஏறி 50 விழுக்காடு வரை கூடும். பரிசோதனையும் வருடாவருடம். பழைய ஜப்பானியக் கார்கள் இதைத் தாங்கும். சில ஐரோப்பியக் கார்களைப் பற்றி மெக்கானிக்கிடம் கேட்டால் முதலில் சிரிப்பார், அப்புறம் விலை சொல்வார்.

கடனில் ஒளிந்திருப்பது

வங்கிக் கடனுக்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது. ஓஎம்வி 20,000 வெள்ளிக்குள் இருந்தால் விலையில் 70 விழுக்காடு, அதைத் தாண்டினால் 60. கட்டி முடிக்க அதிகபட்சம் ஏழு வருடம். ஆக, 1,65,000 காருக்குக் கையில் 49,500 இருக்க வேண்டும். வெளிநாட்டவருக்குக் கடன் தருபவர்கள் பாஸ் முடியும் தேதியைப் பார்ப்பார்கள். சிலர் உள்ளூர் ஜாமீன்தாரரைக் கேட்பதும் உண்டு.

மீதி 1,15,500ஐ ஏழு வருடத்துக்கு 2.8 விழுக்காட்டில் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கடன் மாதிரி நினைத்து ‘அடடா, மலிவு’ என்று தோன்றும். ஆனால் இது நிலையான வட்டி, அதாவது நீங்கள் அசலைத் திருப்பிக்கொண்டே வந்தாலும் வட்டி முழு 1,15,500க்கும் ஏழு வருடத்துக்கும் கணக்காகும். மொத்த வட்டி 22,638, மாதத் தவணை சுமார் 1,645. நிஜ வட்டி விகிதம் சொன்னதைப் போல் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

இன்னொன்று, முன்கூட்டியே கடனை முடித்தால் வட்டியைப் பிரிக்க ‘78 விதி’ என்ற கணக்கைப் பயன்படுத்தும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. 84 மாதக் கடனில் முதல் மாதத்துக்கு 84 பங்கு வட்டி, அடுத்த மாதம் 83, கடைசி மாதம் 1 என்று போகும். மொத்தம் 3,570 பங்கு. முதல் 24 மாதத்திலேயே 1,740 பங்கு, அதாவது ஏழு வருட வட்டியில் கிட்டத்தட்ட பாதி, முடிந்துவிடும். இரண்டு வருடத்தில் வேலை மாறி ஊர் திரும்புபவர் ‘இவ்வளவு கட்டியும் அசல் ஏன் குறையவில்லை’ என்று திகைப்பது இதனால்தான். அதோடு முன்முடிவுக் கட்டணமும் இருக்கும். கடன் எடுக்கும்போதே 24ஆம் மாதத்தில் முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்வது எதற்கும் உதவாது.

உரிமம், காப்புறுதி, அன்றாடச் செலவு

வாகனம் இங்கேயும் இடதுபக்கம்தான் ஓடும், அதனால் நம் ஆட்களுக்கு ஓட்டப் பழகுவது சிரமமில்லை. வெளிநாட்டு உரிமத்தை வைத்து ஓட்ட அனுமதி 12 மாதம் வரைதான். அதற்குள் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வில் தேறி சிங்கப்பூர் உரிமத்துக்கு மாற வேண்டும். தேர்வு கடினமில்லை, படித்துவிட்டுப் போனால் போதும், ஆனால் இடம் கிடைக்கக் காத்திருக்க நேரும். தேதி தவறிய பின் ஓட்டினால் அது உரிமமில்லாமல் ஓட்டுவதுதான், காப்புறுதியும் கைவிட்டுவிடும்.

காப்புறுதியில் விபத்தில்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 10 விழுக்காடு தள்ளுபடி, ஐந்து வருடத்தில் 50 வரை. இந்தியாவில் சேர்த்த தள்ளுபடியைச் சில நிறுவனங்கள் ஏற்கும், சில ஏற்காது. ஊரிலுள்ள காப்புறுதி நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

1,600 சிசி காருக்குச் சாலை வரி வருடம் ஏறத்தாழ 740 வெள்ளி. மூன்று வயது முதல் பத்து வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை. வீவக என்ற அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் கூரையுள்ள மாதப் பார்க்கிங் 110 வெள்ளியை ஒட்டி வரும். வாடகைக்கு இருப்பவரும் எடுக்கலாம், ஆனால் வாடகைக்காரராக உங்கள் பெயர் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் நுழைந்தால் ஈஆர்பி என்ற சாலைக் கட்டணம் தானாகப் பிடிக்கும். இவை எல்லாவற்றையும் விட அலுவலகப் பார்க்கிங்தான் பலரைக் கவிழ்க்கிறது. நகர மையத்து ரேஃபிள்ஸ் பிளேஸில் வேலை என்றால் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு எம்ஆர்டி ரயிலில் போவீர்கள், அப்போது வாரக் கடைசிக்காக மட்டும் மாதம் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி கரைகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களுக்காகவே சிவப்பு எண்பலகை போட்ட நெரிசலற்ற நேரக் கார் என்று ஒரு வகை உண்டு. வாங்கும்போதும் சாலை வரியிலும் சலுகை, பதிலுக்கு வார நாட்களில் காலை 7 முதல் மாலை 7 வரை எடுக்கக் கூடாது. எடுத்தே ஆகவேண்டிய நாளுக்கு 20 வெள்ளி கட்டி உரிமம் வாங்கலாம். அதுவும் வேண்டாமென்றால் கெட்கோ போன்ற செயலிகளில் மணிக்கணக்கில் கார் எடுக்கலாம். மாத வாடகைக்குக் கார் தருபவர்களும் இருக்கிறார்கள். மாதத் தொகை உயரமாகத் தெரிந்தாலும் சாலை வரி, காப்புறுதி, பராமரிப்பு பெரும்பாலும் அதற்குள் அடங்கும், முன்பணமாகப் பெரிய தொகை முடங்காது. ஒரு வருடத்துக்குள் போய்விடும் வாய்ப்பு இருப்பவர்களுக்கு இதுதான் பொருந்தும்.

காரோடு எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாரு போவது இங்குள்ளவர்களின் வாரக் கடைசி வழக்கம். மலேசியாவில் பெட்ரோல் மலிவு என்பதால் எல்லைக்குப் போகும் சிங்கப்பூர்க் காரில் தொட்டி முக்கால் பங்கு நிரம்பியிருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள், அபராதமும் உண்டு. மலேசியப் பக்கத்தில் வாகன நுழைவு அனுமதி 2025 ஜூலை முதல் கண்டிப்பாகி, இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் என்று ஆகிவிட்டது.

ஊர் திரும்பும்போது

காரை இந்தியாவுக்குக் கப்பலில் ஏற்றிப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். இந்தியச் சுங்க வரியைப் பார்த்ததும் அந்தப் பேச்சு நின்றுவிடும். நடைமுறையில் வழி இரண்டுதான்: விற்பது, அல்லது பதிவை ரத்து செய்து பேப்பர் மதிப்பை வாங்கிக்கொள்வது.

இன்னும் இரண்டு வாரத்தில் விமானம் என்று தெரிந்தால் டீலர் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். அதனால் பாஸ் முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மூன்று நான்கு இடத்தில் விலை கேளுங்கள், போகும் தேதியைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அதற்கு முன் ஒன்மோட்டரிங்கில் அன்றைய பேப்பர் மதிப்பைப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு எடுத்த சிஓஇயில் மூன்று வருடம் மிச்சமிருந்தால் 30,000, அதோடு அந்த வயதுக்கான பார்ஃப். யார் எதைச் சொன்னாலும் இதற்குக் கீழே விற்க வேண்டியதில்லை, ஏனென்றால் இந்தத் தொகையை அரசே தந்துவிடும். வண்டியின் உடலுக்கு ஏற்றுமதிக்காரரோ உடைப்பவரோ தருவது அதற்கு மேல். கடன் பாக்கி இருந்தால் அதை முதலில் அடைத்தால்தான் பெயர் மாறும். அந்த வேலைக்கே சில நாள் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பெயர் மாற்றமோ ரத்தோ அரசின் இணைய அடையாளக் கணக்கான உங்கள் சிங்பாஸ் மூலம்தான் நடக்கும் என்பதால், பாஸ் ரத்தாவதற்கு முன் முடித்துவிடுங்கள்.